ஃபான்ட் மாறிப்போச்சு!

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஏதாவது ஒரு டிடிபி சென்டரில், முகூர்த்த மாதத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் இந்த வசனம் கண்டிப்பாகக் காதில் விழும்.

"அண்ணாச்சி, ஃபைல் வந்துருச்சு. ஆனா ஃபான்ட் வரலை."

அண்ணாச்சிக்கு ஒன்றும் புரியாது. பென் டிரைவில் மகளின் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டு வந்திருக்கிறார். கிளம்பிய இடத்தில் எல்லாம் அழகான தமிழில்தான் இருந்தது. இங்கே திறந்தால் தாத்தா பெயர் முதல் மண்டபத்தின் பெயர் வரை வெறும் இங்கிலீஷ் எழுத்துகள். அதுவும் அர்த்தமே இல்லாத இங்கிலீஷ். ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி... "வைரஸ் வந்திருச்சா தாயி?" என்பார் பாவம்.

வைரஸ் எல்லாம் இல்லை. அந்த ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்பது பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தது! ஃபைல் பத்திரமாகத்தான் இருக்கிறது. அதற்குத் தமிழ் முகமூடி போட்டுவிட்ட எழுத்துருதான் இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இந்தப் பக்கத்துப் பிழைப்பில் அச்சுக்குப் பெரிய பங்கு உண்டு. பக்கத்திலேயே சிவகாசி. காலண்டர், டைரி, லேபிள் எல்லாம் அங்கே அச்சாகின்றன. ராஜபாளையத்தில் பஞ்சாலைகள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி, ஸ்ரீவில்லிபுத்தூரில் 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா, ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் திருவிழா... இவை அத்தனைக்கும் நோட்டீஸ், லேபிள், பில் புக், போஸ்டர் வேண்டும். இதையெல்லாம் டைப் அடிப்பது பெரும்பாலும் சின்ன டிடிபி கடைகள்தான். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஐந்நூறு பத்திரிகை அச்சான பிறகு சம்பந்தியின் பெயரில் ஒரு கொம்பு மாறியிருந்தால் அந்த நஷ்டம் யார் தலையில் விழும்? பேஜ்மேக்கர் செய்த கம்பெனியின் தலையில் விழாது. டைப் அடித்த அக்காவின் சம்பளத்தில்தான் விழும்.

அதனால் கோளாறு எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

கொஞ்சம் வரலாறு

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். பழைய முறையில் மொத்தம் 256 இடங்கள். முதல் 128 இங்கிலீஷுக்கும் கட்டுப்பாட்டுக் குறிகளுக்கும். மீதி 128-ஐ ஐரோப்பிய மொழிகள் பயன்படுத்திக்கொண்டன. 247 எழுத்துகளோடு போன தமிழுக்குத் தனி வீடு கிடைக்கவில்லை. அதனால் வாடகைக்குப் போனது.

எப்படி? இங்கிலீஷ் 'ஜே' இருக்கும் இடத்தில் 'த' என்ற படத்தை வரைந்துவிடுவது. 'கே' இடத்தில் 'ம'. கம்ப்யூட்டர் அதை ஜே என்றே நினைத்துக்கொண்டிருக்கும், பார்ப்பவருக்கு மட்டும் 'த' தெரியும். பாமினி இந்த வகை. வேறு சிலர் இங்கிலீஷைத் தொடாமல் மேல் பாதியில் தமிழை வைத்தார்கள். இதில் பெரிய சிக்கல், ஒவ்வொரு எழுத்துரு கம்பெனியும் 'த'வை ஒவ்வொரு இடத்தில் வைத்ததுதான்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயற்சி நடக்காமல் இல்லை. இணையத் தமிழர்கள் கூடிப் பேசித் திஸ்கி என்ற பொதுக் குறியேற்றத்தை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்'99 மாநாட்டுக்குப் பின் டாப், டாம் என்ற இரண்டும், தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. ஆனால் கடைகள் ஏற்கெனவே வாங்கிய எழுத்துருவை விட்டு வரவில்லை. ஒரு குழப்பத்துக்கு மூன்று தீர்வு வந்ததால் குழப்பம் நான்காகிவிட்டது :-)

சொந்த வீடு யூனிகோட். 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. விண்டோஸ் 2000-இல் லதா என்ற எழுத்துருவோடு யூனிகோட் தமிழ் வந்தது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடையும், அது வேலை செய்யாத இடங்களுக்கு டேஸ்16 என்ற இன்னொன்றையும் தரமாக அறிவித்தது. யூனிகோடில் 'த' என்றால் உலகம் முழுக்க 'த'தான். எழுத்துருவை மாற்றினால் சட்டை மாறும், ஆள் மாற மாட்டார்.

இந்த ஒரு வித்தியாசம் புரிந்துவிட்டால் முக்கால்வாசி கோளாறு புரிந்துவிடும். திரையில் தமிழ் தெரிகிறது என்பதாலேயே ஃபைலுக்குள் தமிழ் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

ஐந்து விதக் கோளாறு

டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதுபோல, திரையில் தெரிவதை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம்.

1. அர்த்தமில்லாத இங்கிலீஷ் எழுத்து அல்லது விசித்திரக் குறிகள் தெரிகின்றன. பழைய வகை எழுத்துரு அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. ஃபைல் நலம். பேஜ்மேக்கர் திறக்கும்போதே 'இந்த ஃபான்ட் இல்லை, பதிலுக்கு இதைப் போடட்டுமா' என்று ஒரு பெட்டியில் கேட்கும். அவசரத்தில் ஓகே அழுத்திவிடுவார்கள். அழுத்தாமல், அதில் உள்ள பெயரை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அதுதான் மருந்துச் சீட்டு. இன்டிசைனில் இப்படிப்பட்ட இடங்கள் ரோஸ் நிறத்தில் தெரியும்.

2. கட்டம் கட்டமாகத் தெரிகிறது. எழுத்து இருக்கிறது, தேர்ந்தெடுத்த எழுத்துருவில் அதற்குரிய படம் இல்லை. யூனிகோட் தமிழுக்கு யூனிகோட் தமிழ் எழுத்துருவைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

3. வரிசையாகக் கேள்விக்குறி. இதுதான் ஆபத்து. யூனிகோட் தெரியாத மென்பொருளில் யூனிகோட் தமிழை ஒட்டினால் இப்படி ஆகும். 2001-இல் வந்த பேஜ்மேக்கர் 7-தான் அதன் கடைசிப் பதிப்பு, அதற்கும் யூனிகோட் தெரியாது. எழுத்து மறைந்து நிற்கவில்லை, உண்மையிலேயே கேள்விக்குறியாக மாறிவிட்டது. அப்படியே சேவ் செய்தால் எந்த எழுத்துரு போட்டாலும் திரும்பி வராது. மூல ஃபைலுக்குத்தான் போக வேண்டும்.

4. கொம்பு இடம் மாறி நிற்கிறது, புள்ளி வட்டம் தெரிகிறது. யூனிகோடில் 'பெ' என்பது முதலில் ப, அடுத்து ஒற்றைக்கொம்பு என்றுதான் சேமிக்கப்படும். கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருள் கொம்பைப் பின்னாலேயே விட்டுவிடும். இன்டிசைனில் இதற்குப் பத்தி அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி கம்போஸர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிஎஸ்6 (2012) முதல் இந்திய மொழிகளுக்கு இது கிடைத்தது. போட்டோஷாப்பின் பிற்காலப் பதிப்புகளிலும் இதே போன்ற அமைப்பு இருக்கிறது. நிறையப் பேர் எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்துக் களைத்துப் போகும் இடம் இதுதான். குற்றவாளி எழுத்துரு அல்ல.

5. எல்லாம் சரி, ஒரே ஒரு எழுத்து மட்டும் எங்குமே காணோம். பழைய எழுத்துருக்களில் சில, 160, 173 ஆகிய எண்களிலும் எழுத்தை வைத்திருக்கும். மென்பொருளுக்கு 160 என்றால் உடையாத இடைவெளி, 173 என்றால் தேவைப்பட்டால் மட்டும் தெரியும் இணைப்புக்கோடு. அதனால் அந்த எழுத்தைக் காட்டாமல் விழுங்கிவிடும். ப்ரூஃப் பார்க்கும்போது கண்ணில் சிக்காத கோளாறு இது.

உதவி செய்கிறேன் பேர்வழி...

எழுத்துரு சரியாக இருந்தாலும் மென்பொருள் சும்மா இருக்காது. பாமினியில் அடிக்கும்போது வேர்டைப் பொறுத்தவரை அது இங்கிலீஷ். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றிவிடும். பாமினியில் சின்ன 'ஜி' என்றால் ப, பெரிய 'ஜி' என்றால் பு. சின்ன 'எஃப்' க, பெரிய 'எஃப்' கு. விளைவு? விளம்பரத்தில் 'பட்டு' என்று ஆரம்பித்தால் 'புட்டு' ஆகிவிடும். 'கடை' குடையாகிவிடும். ஜவுளிக்கடை முதலாளி ப்ரூஃபைப் பார்த்துவிட்டு என்ன சொல்வார் என்று எழுதத் தேவையில்லை.

இதேபோல நேரான மேற்கோள் குறியை வளைந்த குறியாக மாற்றும் வசதி. அந்த விசையில் ஒரு தமிழ் எழுத்தை வைத்திருக்கும் எழுத்துருவில் அந்த எழுத்து போய்விடும். இங்கிலீஷ் அகராதியை வைத்து வரி முடிவில் சொல்லை உடைக்கும் வசதி இன்னும் மோசம். கொம்பு ஒரு வரியில், அதன் எழுத்து அடுத்த வரியில்! பழைய எழுத்துருவில் வேலை செய்கிறவர்கள் முதல் நாளே இந்த மூன்றையும் அணைத்துவிட வேண்டும்.

ஊர்ப் பெயரிலேயே வில்லங்கம்

யூனிகோட் வந்தால் எல்லாம் தீர்ந்ததா? ஸ்ரீவில்லிபுத்தூரிடம் கேட்டால் இல்லை என்று சொல்லும்.

பழைய எழுத்துருக்களில் 'ஸ்ரீ' ஒரே படம், ஒரே இடம். யூனிகோடில் அது ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று நான்கு துண்டு சேர்ந்து உருவாவது. 2005-இல் வந்த யூனிகோட் 4.1-இல் 'ஶ' என்று இன்னொரு எழுத்தும் சேர்க்கப்பட்டது. அதிலிருந்தும் இதே 'ஶ்ரீ'யை உருவாக்கலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே வேறு வேறு. ஒருவர் ஒரு விதமாக அடித்த ஊர்ப் பெயரை இன்னொருவர் மற்ற விதத்தில் தேடினால் கிடைக்காமல் போகலாம். புதிய எழுத்து இல்லாத பழைய யூனிகோட் எழுத்துருவில் கட்டம் வரும். இது போதாதென்று திருவில்லிபுத்தூர் என்று எழுதும் வழக்கமும் இருக்கிறது. ராஜபாளையத்துக்கும் இராசபாளையம் என்று இன்னொரு வடிவம் உண்டு. வாடிக்கையாளர் முகவரிப் பட்டியலை அகர வரிசைப்படுத்தினால் ஒரே ஊர்க்காரர்கள் 'இ', 'ர', 'ஸ்ரீ', 'தி' என்று நாலு மூலையில் நிற்பார்கள்.

அதனால் ஒரு கடையில் நாலு பேர் வேலை செய்தால், ஊர்ப் பெயரை எப்படி அடிப்பது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

கர்வ் பண்ணி அனுப்புங்க

சிவகாசி பிரஸ்ஸுக்கு ஃபைல் அனுப்பும்போது சொல்லும் வழக்கமான தீர்வு, "கர்வ் பண்ணி அனுப்புங்க" என்பது. கோரல்டிராவில் கன்ட்ரோல் க்யூ அழுத்தினால் எழுத்தெல்லாம் வெறும் கோட்டுப் படமாகிவிடும். அதன்பின் எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் மாறாது. அச்சுக்கு அருமையான வழி.

ஆனால் அது ஒருவழிப் பாதை. "தாய்மாமன் பேரை விட்டுட்டோம்" என்று ராத்திரி போன் வந்தால், கர்வ் செய்த ஃபைலில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. அடுத்த வருஷம் தம்பி கல்யாணத்துக்குப் பெயர், தேதி மட்டும் மாற்றி அதே பத்திரிகை வேண்டும் என்றால் முதலிலிருந்து அடிக்க வேண்டும். ஆகவே கர்வ் செய்வதற்கு முன் ஒரு பிரதியை வேறு பெயரில் சேமிப்பது கட்டாயம். பிடிஎஃப்பில் எழுத்துருவைப் பதித்து அனுப்புவதும் நல்ல வழிதான். அதிலும் ஒரு விஷயம், பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப் பார்க்கவும் அச்சடிக்கவும் நன்றாக இருக்கும். காப்பி செய்து வேறிடத்தில் ஒட்டினால் மறுபடி ஜே, கே, பி, ஓ...

ஏன் மாற மாட்டேன் என்கிறார்கள்?

"யூனிகோடுக்கு மாறுங்கப்பா" என்று சொல்வது சுலபம். கடைக்காரர் கணக்கு வேறு.

அவரிடம் பேஜ்மேக்கரும் எக்ஸ்பியும் உள்ள ஒரு பழைய கம்ப்யூட்டர், கூடவே டைப்ரைட்டர் முறையில் பழகிய விரல்கள். மாறினால் புது மென்பொருள், அதைத் தாங்கும் புதுக் கம்ப்யூட்டர், கற்றுக்கொள்ளும்வரை வேகக் குறைவு. முகூர்த்த நேரத்தில் வேகம் குறைந்தால் பத்திரிகை பக்கத்துக் கடைக்குப் போய்விடும். இதையெல்லாம்விடப் பெரியது, இத்தனை வருஷம் அடித்த ஃபைல்கள். மூத்த மகள் பத்திரிகையைத் திருத்தித்தான் இளைய மகளுக்குப் போடுகிறார்கள். போன வருஷத் திருவிழா நோட்டீஸைத் திருத்தித்தான் இந்த வருஷ நோட்டீஸ். ஐந்தொகையில் எந்த வரியிலும் ஏறாத சொத்து அது. மாறினால் அது செல்லாது என்ற பயம் நியாயமானதுதான்.

ஆனால் மாறாமல் இருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. அந்த விலை மெதுவாக ஏறியதால் யாருக்கும் உறைக்கவில்லை. எக்ஸ்பிக்கு ஆதரவு 2014-இல் நின்றது. பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கத் தெரிந்த இன்டிசைன் சிஎஸ்6-உடன் முடிந்தது, அதற்குப் பின் வந்தவற்றுக்குத் தெரியாது. 'டைப் 1' என்ற பழைய வகை எழுத்துருக்களுக்கான ஆதரவை அடோபி 2023 ஜனவரியோடு நிறுத்திக்கொண்டது. ஒவ்வொன்றாகக் கதவு மூடிக்கொண்டே வருகிறது. கடைசியில் அந்த ஒரு பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் போகும் நாளில், சொத்து முழுவதும் போய்விடும்.

மாறிக் காட்டியவர்களும் இருக்கிறார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் நல்ல உதாரணம். கு. கல்யாணசுந்தரம் தலைமையில் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். ஆரம்பத்தில் பழைய குறியேற்றங்களில்தான். காலம் மாறியபோது யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டார்கள். அதனால்தான் அன்று அடித்ததை இன்று செல்போனில் படிக்க முடிகிறது. அவர்களும் ஓய்வு நேரத்தில் செய்தவர்கள்தான்.

கடையில் செய்யக்கூடியது

ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. வேலை குறைவான மார்கழியில் தினமும் பத்து ஃபைல் போதும்.

1. முதலில் பழைய கம்ப்யூட்டரில் உள்ள எழுத்துரு ஃபைல்கள் முழுவதையும் இரண்டு இடத்தில் நகல் எடுத்து வைக்க வேண்டும்.
2. ஒவ்வொரு ஃபைலிலும் எந்த எழுத்துரு என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். ஃபைல் பெயரிலேயே சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது.
3. தோற்றம் கெடாமல் ஒரு பிடிஎஃப் எடுத்துக்கொள்ள வேண்டும்.
4. உள்ளே உள்ள எழுத்தை மட்டும் தனியாக எடுத்து, என்.எச்.எம். கன்வர்ட்டர், பொங்குதமிழ் போன்ற மாற்றியில் சரியான குறியேற்றத்தைத் தேர்ந்தெடுத்து யூனிகோடாக்க வேண்டும். தவறான குறியேற்றம் என்றால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.
5. பிறகு கண்ணால் படிக்க வேண்டும். இதைத் தவிர்க்க முடியாது. காலுக்குப் பதில் 'ர' அடித்த இடங்கள், 'ஔ'வுக்குப் பதில் 'ஒ', 'ள' என்று தனித்தனியாக அடித்த இடங்கள் எல்லாம் பழைய ஃபைலில் கண்ணை ஏமாற்றியிருக்கும். இடையில் உள்ள இங்கிலீஷ் வார்த்தைகளைக்கூட பாமினி மாற்றி தமிழாக்கிவிடும். பட்டம் வாங்கியவர் பெயருக்குப் பின்னால் பி.காம். இருந்த இடத்தில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது!

இதில் இரண்டாவது வேலைக்குத்தான் அவசரம். மற்ற எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் தெரிந்த யாரும் செய்துவிடலாம். எந்தப் பத்திரிகை எந்த எழுத்துருவில் அடித்தது என்பது கடையில் பத்துப் பதினைந்து வருஷமாக உட்கார்ந்திருக்கும் அந்த அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அவர் கல்யாணமாகியோ வேறு வேலை கிடைத்தோ போவதற்கு முன் அந்த நோட்டை எழுதி வாங்கிக்கொள்வது முதலாளிக்கு லாபம். அதற்குத் தனியாகச் சம்பளம் கொடுத்தால் அக்காவுக்கும் லாபம்.